இடிதாங்கியின் எர்த்தைத் தனியே விடாதீர்கள்: உயரமான கட்டடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் பத்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் இடிதாங்கிப் பணியைப் பார்வையிடச் சென்றிருந்தேன். இடிதாங்கியின் எர்த் குழியையும் மின்சாரப் பலகையின் எர்த்தையும் சேர்க்கும் பட்டையைப் புதிதாக வேலைக்கு வந்திருந்த பொறியாளர் கழற்றி, சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். காரணம் கேட்டதற்கு, "இடி வீட்டுக்குள்ள வந்துடக்கூடாதே சார்" என்றார். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். துரு, தளர்ந்த போல்ட் போன்றவற்றை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், பார்வைக்குச் சரியாகவே தோன்றும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எர்த்துகளைத் தனித்தனியே விடுவது

இடிதாங்கி மின்னலை விரட்டுவதில்லை. கட்டடத்தின் மீது விழப்போகும் மின்னலைத் தன்மேல் வாங்கி, சுவரையும் கம்பியையும் பிளக்காமல் மண்ணில் இறங்க வழிகொடுக்கிறது; அவ்வளவுதான். ஆனால் மண்ணும் அந்த மின்னோட்டத்தை எதிர்ப்பின்றி விழுங்கிவிடாது. சாதாரணமான ஒரு மின்னலில் 30 ஆயிரம் ஆம்பியர் பாய்கிறது என்றும், குழியின் எர்த் மின்தடை 5 ஓம் என்றும் வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் குழியும், மாடித் தண்டிலிருந்து மின்னலைக் குழிக்கு இறக்கும் பட்டையும் ஒன்றரை லட்சம் வோல்ட்டுக்கு உயர்கின்றன. மின்சார எர்த் தனியாக இருந்தால் அது பழைய நிலையிலேயே நிற்கும். அரை அடிச் சுவருக்கு வெளியே ஒன்றரை லட்சம் வோல்ட், உள்ளே சுழியம் என்றால், மின்னல் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே பாயத் தயங்காது.

தொழிலுக்கு வந்த புதிதில், எர்த்துகளைச் சேர்க்கும் பட்டையை நான் வெட்டச் சொன்ன கட்டடத்தில் அதுதான் நடந்தது. ஐப்பசி மாத இரவொன்றில் இடி விழுந்தது. மறுநாள் காலை மாடிக்குப் போனபோது தண்டும் இறக்குப் பட்டையும் கீறல்கூட இல்லாமல் நின்றன. லிஃப்ட் இயந்திர அறையின் வெளிச்சுவரில் மட்டும், பட்டை செல்லும் இடத்தில், நாணயம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து கருத்திருந்தது. அதற்கு நேர் உள்ளே இருந்த கட்டுப்பாட்டுப் பலகை எரிந்து கிடந்தது. மூன்று வாரம் லிஃப்ட் ஓடவில்லை. ஏழாம் மாடியிலிருந்து டயாலிசிஸுக்குப் போய்வந்த பெரியவர் ஒருவரை, வாரம் இரண்டு முறை நாற்காலியில் உட்கார வைத்துப் படிகளில் தூக்கி இறக்கினார்கள். இந்தத் தவறை இன்றும் யாராவது செய்யக் கண்டால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

எல்லா எர்த்தையும் தரைமட்டத்தில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அனைத்தும் ஒன்றாகவே உயரும். மின்கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆகாததைப் போல, வேறுபாடு இல்லாத இடத்தில் பாய்ச்சலும் இல்லை. தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், லிஃப்ட் தண்டவாளம் எல்லாம் இந்த இணைப்பில் சேர வேண்டும். மின்சாரம் வரும் கம்பிகளை மட்டும் எர்த்தோடு நேரடியாக இணைக்க முடியாது என்பதால், பிரதானப் பலகையில் சர்ஜ் அரெஸ்டர், அதாவது மின்னழுத்தம் திடீரென எகிறும்போது மட்டும் அதை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி, பொருத்த வேண்டும். அது இல்லாமல், மாடியில் தண்டு இருக்கிறது என்பதற்காக வீட்டுத் தொலைக்காட்சி பிழைத்துவிடாது.

பட்டையை வளைத்து வளைத்து இறக்குவது

அழகுக்காகக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏற்றி இறக்கி, சன்னல் சட்டத்தைச் சுற்றி, மூலைக்கு மூலை மடித்துப் பட்டையைக் கொண்டுபோகிறார்கள். மின்னலின் மின்னோட்டம் மைக்ரோ வினாடிகளில் உச்சத்துக்கு ஏறுவதால், ஓம் கணக்கில் ஒன்றுமில்லாத நேர்ப்பட்டையிலேகூட மீட்டருக்குப் பல்லாயிரம் வோல்ட் நிற்கும். வளையம் போட்டால் மின்னல் சுற்றிப் போகாமல் குறுக்கே தாவப் பார்க்கும். நேராக, குறுகிய வழியில் இறக்குங்கள்.

ஒரே ஒரு இறக்குப் பட்டை

குறைந்தது இரண்டு வேண்டும். உயரமான கட்டடத்தில் சுற்றிலும் வேண்டும்.

பக்கத்துக் கோபுரத்தை நம்புவது

கோயில் கோபுரமோ செல்போன் கோபுரமோ அருகில் இருந்தால் நமக்குத் தண்டு தேவையில்லை என்கிறார்கள். மின்னல் பாதுகாப்புக்கான ஐஎஸ்/ஐஇசி 62305 தரநிலையில், கட்டடத்தின் பாதுகாப்பு வகுப்புக்கேற்ப 20 முதல் 60 மீட்டர் வரை ஆரமுள்ள கற்பனைப் பந்து ஒன்றைக் கட்டடத்தின் மேல் உருட்டிப் பார்ப்பார்கள்; பந்து தொடும் இடமெல்லாம் மின்னல் தொடக்கூடிய இடம். பக்கத்தில் கோபுரம் இருந்தும் பந்து நம் கட்டடத்தைத் தொட்டால், நமக்கும் தண்டு வேண்டும். 60 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடத்தில் அந்தப் பந்து பக்கவாட்டுச் சுவரையும் தொடும் என்பதால், மேல் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கப் பாதுகாப்பும் தேவை.

பின்னால் வந்து சேரும் பொருட்கள்

சோலார் பலகையோ புதிய தண்ணீர்த் தொட்டியோ மாடிக்கு ஏறினால் பந்தை மறுபடி உருட்டுங்கள்.

டெஸ்ட் லிங்க்கைக் கழற்றிவிட்டுப் போவது

டெஸ்ட் லிங்க் என்பது இறக்குப் பட்டையையும் எர்த் குழியையும் சேர்க்கும், கழற்றக்கூடிய இணைப்பு. எர்த் மின்தடையை அளப்பதற்காகத் திறந்த அந்த இணைப்பை அப்படியே விட்டுச் சென்ற இடங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அளந்து முடித்ததும் லிங்க்கை மாட்டி, போல்ட்டை இறுக்கி, கையால் அசைத்துப் பார்த்த பிறகே மீட்டரைப் பைக்குள் வையுங்கள்.