பாதியில் நின்ற கதையின் பாத்திரத்தை என்ன செய்யலாம்?

ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக் குழுவில் ஒருவருக்கு ஷிஃப்ட் மாறும், இன்னொருவர் வெளியூர் போவார். 20 லெவல் வரை போகக்கூடிய கதை 4-லேயே நின்றுவிடும். உங்கள் பாத்திரத்தின் விவரங்கள் எழுதிய தாளைக் கிழித்துவிடாதீர்கள்.

அந்த வாரமே கடைசி நிலையை எழுதி வையுங்கள். ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளிகள்), ஆயுதமெல்லாம் தாளிலேயே இருக்கும். மறந்துபோவது ஆசைகளும் கடன்களும்தான்: யாரைத் தேடிப் புறப்பட்டாள், யாருக்கு வாக்குக் கொடுத்தாள்? என் பாத்திரமான திருடி நீரா காணாமல்போன அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பிறகு கதையை நடத்தும் டிஎம்மிடம் (டன்ஜன் மாஸ்டர்) பேசுங்கள். மறுபடி தொடங்கும் எண்ணம் அவருக்கு இல்லையென்றால், ஒளித்துவைத்த ரகசியங்களைக் கேளுங்கள். நீராவின் அண்ணன்தான் கொள்ளைக்கூட்டத் தலைவன் என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது! அதை வைத்தே அவளுக்கு ஒரு பக்க முடிவு எழுதினேன்.

வேறு குழுவுக்குக் கொண்டுபோனால் குணத்தை வைத்துக்கொண்டு, லெவலையும் பொருட்களையும் புது டிஎம் சொல்கிறபடி மாற்றுங்கள். பழைய வீரதீரங்களை அங்கே அளக்க வேண்டாம். நண்பர்களின் பாத்திரங்களைக் கதையில் சேர்க்குமுன் அவர்களிடம் அனுமதி கேட்பது கட்டாயம்.

நீங்களே டிஎம் ஆனால், பழைய பாத்திரத்தைச் சத்திரக்காரியாக வையுங்கள். வழி சொல்லட்டும், சண்டையை மட்டும் ஆட்டக்காரர்களுக்கே விட்டுவிடுங்கள்.