ஜப்பானில் மொழிப் பள்ளியில் சேர வருகிறீர்களா?

நரிதா, ஹனேதா மாதிரியான பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே குடியிருப்பு அட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வேலை அனுமதிக்கான படிவத்தையும் அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் குடிவரவு அலுவலக வரிசையில் ஒரு நாள் போய்விடும். அனுமதி வாரத்துக்கு 28 மணி நேரம். இரண்டு கடைகளில் வேலை பார்த்தாலும் இரண்டும் சேர்த்துத்தான் 28. பள்ளியின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணி நேரம் வரை பார்க்கலாம்.

தங்குமிடம் போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் அச்சடித்துத் தருவார்கள். அதே நாளில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள். அப்புறம் மருத்துவச் செலவில் 30 சதவீதம் நீங்கள் கட்டினால் போதும். 20 வயது ஆனவர்களுக்கு ஓய்வூதியச் சந்தாவும் உண்டு. வருமானம் இல்லாத மாணவர் என்று சொல்லி விலக்குப் படிவம் கேளுங்கள். கேட்காமல் அவர்களாகத் தருவார்கள் என்று இருக்க வேண்டாம்.

சரி, வகுப்புக்கு வருவோம். பெரும்பாலும் அரை நாள்தான், காலை அல்லது மதியம். ஆசிரியர் முதல் நாளிலிருந்தே ஜப்பானிய மொழியில்தான் பேசுவார். இங்கே நம்மவர்கள் பலர் செய்வது, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது. எதற்கு இந்தச் சுற்றுவழி? வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் பழகியவைதானே. ‘தபெதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது. அந்த ‘மிரு’வும் நம்முடைய ‘பார்’தான். ‘கத்தெ ஒகு’ என்றால் வாங்கி வைப்பது. ஆங்கிலத்தில் அரைப் பக்கம் விளக்குகிற இடத்தைத் தமிழில் ஒரு சொல்லில் தாண்டிவிடலாம். யாழ்ப்பாணத்தார் பாடு இன்னும் சுலபம்: இந்த, உந்த, அந்த, எந்த என்பது அப்படியே ‘கொனோ, ஸொனோ, அனோ, தொனோ’.

குறில் நெடிலும் நமக்குக் கைகொடுக்கும். ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ பாட்டி. கூட இருக்கும் பலர் தடுமாறுகிற இடம் இது.

ஆனால் குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதிவைக்காதீர்கள். தங்கமும் ‘கின்’, வெள்ளியும் ‘கின்’ என்றாகிவிடும். உண்மையில் வெள்ளிக்கு வருவது ‘கங்கை’யில் வரும் முதல் ஒலி. ஜப்பானிய எழுத்தில் அதற்கு இரண்டு சின்னக் கோடுகள் போடுவார்கள். ஹிரகனா, கதகனா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளையும் ஊரிலேயே படித்துவிட்டு வாருங்கள்.

இலக்கணத்தில் மிச்சமாகும் நேரத்தையெல்லாம் ‘கான்ஜி’க்கு, அதாவது ஜப்பானியத்தில் கலந்து வரும் சீன எழுத்துகளுக்குக் கொடுங்கள். பக்கத்து இருக்கைச் சீன மாணவர் முதல் வாரமே செய்தித்தாளைக் குத்துமதிப்பாகப் படிப்பார். அதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 எழுத்துகள். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் கையால் எழுதச் சொல்வதில்லை, அதனால் முதலில் பார்த்ததும் அடையாளம் தெரிந்தால் போதும். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். பதிவு பல வாரம் முன்பே முடிந்துவிடும்.

இரவு வேலை முடித்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்குகிறவர்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. தூங்கினால்கூடப் பரவாயில்லை, வராமல் இருக்காதீர்கள். வருகைப் பதிவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் விசா நீட்டிப்பு சிக்கலாகிவிடும். எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அதை ஈடுகட்ட முடியாது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, தோக்கியோவில் கறிவேப்பிலைக்கும் துவரம்பருப்புக்கும் ஷின்-ஓகுபோ போங்கள், இல்லையென்றால் நிஷி-கசாய். சைவர்கள் ஊடோன் என்ற கோதுமை நூடுல்ஸின் சாற்றில் கவனமாக இருக்க வேண்டும்: மாசிக்கருவாட்டின் உறவுக்காரன் ஒன்றைச் சீவிப் போட்டுத்தான் அதைக் காய்ச்சுகிறார்கள். மேலே மீன் துண்டு மிதக்காது, அதனால் பலருக்குத் தெரிவதில்லை.

விடுமுறையில் ஊருக்குப் போவதானால், புறப்படும்போது தரும் சீட்டில் ‘திரும்பி வருவேன்’ என்ற கட்டத்தில் குறியிட மறக்காதீர்கள். குறியிட்டு, ஓராண்டுக்குள், விசா காலம் முடியும் முன் திரும்பினால் புது விசா தேவையில்லை.