மலையகக் கல்யாணத்துக்கு ஓப்பன் கார்: ஹயர் பேசுமுன் பார்க்க வேண்டியவை

நுவரெலியாவில் ஹோட்டல் பிடித்தாயிற்று, முகூர்த்தமும் குறித்தாயிற்று, இனி ஹூட் (மடக்குக் கூரை) இறக்கிய பழைய ஜாகுவாரோ மெர்சிடிஸோ ஒன்று வேண்டும் என்று லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் ஆட்கள் கேட்கிறார்கள். தேடினால் கிடைக்கும். ஆனால் இலங்கை மலையகத்தில் இந்தக் கணக்கை ரோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்படிப்பட்ட கார்களில் பெரும்பாலானவை கொழும்புப் பக்கம்தான் நிற்கின்றன. கண்டியிலும் சில உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அவிசாவளை, ஹட்டன் வழியாக ஏறினாலும் கண்டி, றம்பொடை வழியாக ஏறினாலும் மணிக்கணக்கில் வளைவும் ஏற்றமும்தான். அறுபது வயதைத் தாண்டிய இன்ஜின் லொறிக்குப் பின்னால் முதலாம் கியரில் ஊர்ந்தால் ரேடியேட்டர் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. நுவரெலியாவில் கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. கொழும்பில் டியூன் பண்ணிய கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை அளவுக்கு மீறிக் கொடுக்கும். கார் இழுக்காது, கறுப்புப் புகை விடும். இறக்கத்தில் இன்னொரு தலைவலி. டிரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து இறக்கத் தெரிந்த ட்ரைவர் வேண்டும். ஆகவே கண்டியில் கார் கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் அதையே எடுங்கள். மலை ரோடு தெரிந்த ட்ரைவர் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். கொழும்பிலிருந்துதான் வரவேண்டும் என்றால் லொறியில் ஏற்றி முதல் நாளே கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தச் செலவைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

மாப்பிள்ளை பொண்ணை வைத்து ஓட்டும் தூரத்தைச் சில கிலோமீற்றருக்குள் அடக்கிவிடுங்கள். ஹோட்டலிலிருந்து கிரகரி ஏரிக்கரை வழியாகச் சீதா எலிய சீதையம்மன் கோயில் வரை போனாலே போதும், படத்துக்கும் குறைவிருக்காது. ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை ஹூட் இல்லாமல் ஊர்வலம் போகும் ஆசையை விட்டுவிடுங்கள். பஸ் புகையில் பட்டுச்சேலை என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

மாதமும் முக்கியம். பெப்ரவரி, மார்ச்சில் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழை குறைவு. ஆனால் தையில் விடியற்காலை முகூர்த்தம் என்றால் நுவரெலியாவில் புல்லில் உறைபனி கிடக்கும் நாட்களும் உண்டு. போகும்போது ஹூட்டைப் போட்டு, தாலி கட்டி வெயில் ஏறிய பிறகு இறக்கிக்கொண்டு வாருங்கள். வைகாசியில் தென்மேல் பருவமழை பிடித்துவிடும், கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் திறந்த காருக்கு வாய்ப்பே குறைவு. ஆகஸ்ட் விடுமுறையில் வந்து ஆவணியில் கல்யாணம் வைப்பவர்கள் பதுளை, பண்டாரவளையைப் பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் அப்போது வறண்ட காலம். காற்று மட்டும் பலமாக அடிக்கும், பூச்சடையை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். மழைக்காலம் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் காரை வரச் சொல்ல வேண்டாம். 2025 நவம்பரில் டிட்வா புயல் இந்த ரோடுகளை என்ன பாடு படுத்தியது என்று சொந்தக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பாட்டி வீடு தோட்டத்தில், பொண்ணு லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலிலிருந்து புறப்பட வேண்டும் என்பது பலருடைய விருப்பம். நல்ல விருப்பம்தான். ஆனால் தோட்டத்து ரோட்டில் தாழ்ந்த காரை விட்டால் அடியில் கல் இடிக்கும். மெயின் ரோடு வரை வேனில் வந்து அங்கே காருக்கு மாறுங்கள். தப்பு மேளம் அடிப்பவர்களையும் அந்த இடத்துக்கே வரச் சொன்னால் களை கட்டிவிடும். தேயிலை மலைக்குள் இறங்கிப் படம் எடுப்பதானால் தோட்ட ஆபீசில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

இனிக் காசு விஷயம். வெளிநாட்டு நம்பரிலிருந்து நீங்கள் பேசினால் ஒரு விலை, ஹட்டனில் இருக்கும் மச்சான் பேசினால் வேறு விலை. மச்சானையே பேசவிடுங்கள். மணித்தியாலக் கணக்கா கிலோமீற்றர் கணக்கா, பெட்ரோல், லொறிக் கூலி, ட்ரைவர் பட்டா, பூ அலங்காரம் எல்லாம் அதற்குள்ளா என்று எழுத்தில் வாங்குங்கள். காரின் வருமான அனுமதிப்பத்திரம் (ரெவனியூ லைசன்ஸ்) முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், திகதியைப் பாருங்கள். காப்புறுதி வாடகைக்கு ஓடுவதையும் உள்ளடக்குகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். சொந்தப் பாவனைக்கு மட்டும் எடுத்த காப்புறுதி விபத்து நேரத்தில் கைகொடுக்காமல் போகலாம். பழைய கார்கள் பலவற்றில் சீட் பெல்ட்டே இருக்காது, சின்னப் பிள்ளைகளை அதில் ஏற்ற வேண்டாம்.

சில கார்களில் சிங்கள ஸ்ரீ எழுத்து உள்ள பழைய நம்பர் பலகை இருக்கும். 1957இல் தமிழர்கள் தார் பூசி எதிர்த்த அதே ஸ்ரீதான். இன்று அதைப் பழமைக்கு அடையாளம் என்று காட்டிக் காசு கேட்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறினால் காரணம் புரிந்துகொள்ளுங்கள்.

முற்பணம் கொடுக்குமுன் மச்சான் நேரில் போய் ஹூட்டை ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும். கூரையை வெட்டி எடுத்து ‘ஓப்பன்’ ஆக்கிய கார்களுக்கு ஹூட்டே இருக்காது, மழை வந்தால் நனைய வேண்டியதுதான். கல்யாணத்தன்று பின்னால் ஒரு வேன் காலியாக வரட்டும். ட்ரைவர் இரவு தங்க அறை யார் பார்ப்பது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஏப்ரல் சீசன் என்றால் நுவரெலியாவில் அறை கிடைப்பதே பெரும்பாடு.