புது ஊர் தேடும்போது கோட்டை விடும் இடங்கள்

அந்த வீட்டை நான் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. தெருவில் ஈ காக்கை இல்லை. ஜன்னலைத் திறந்தால் நல்ல காற்று. எட்டிப் பார்த்தால் பின்பக்க மதிலுக்கு அப்பால் வரிசையாக மரங்களின் தலை தெரிந்தது. அங்கேயே முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன். குடிவந்த மறுநாள் விடிகாலை நாலரைக்கு மதிலுக்குப் பின்னால் ஒரு பஸ் உறுமியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஏழெட்டு. அந்த மரங்களுக்குக் கீழே இருந்தது பேருந்துப் பணிமனை. வேலையை மாற்றி, ஊரை மாற்றி, இனி எல்லாம் புதுசு என்று வந்து இறங்கியவனுக்கு ஐந்தாம் நாளே கண்ணுக்குக் கீழே கருவளையம்.

புதிதாக வாழ்க்கையைத் தொடங்க ஊர் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. ஊரை அதன் நல்ல நாளில் பார்த்துவிட்டு, அதன் சாதாரண நாட்களுக்குள் குடியேறுகிறோம். விடுமுறைக்குப் போன மலையூர் பிடித்துவிடுகிறது, கடலோரம் பிடித்துவிடுகிறது. போனது அந்த ஊரின் சிறந்த மாதத்தில், கையில் செலவுக்குப் பணத்தோடு, அலுவலகத்தை மறந்து. அப்படிப் போனால் எந்த ஊர்தான் பிடிக்காது?

டேனியல் கானமனும் டேவிட் ஷ்கேடும் 1998-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த மயக்கத்தை அழகாகப் பிடித்துக்காட்டுகிறது. அமெரிக்காவில் சுமார் 2,000 கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். ஒரு தரப்பு பனியும் குளிரும் வாட்டும் மத்திய மேற்குப் பகுதியில் படித்தவர்கள், மறு தரப்பு வெயிலுக்குப் பேர்போன கலிஃபோர்னியாவில் படித்தவர்கள். உங்களைப் போன்ற ஒருவர் எங்கே இருந்தால் அதிகத் திருப்தியோடு இருப்பார் என்று கேட்டபோது இரண்டு தரப்புமே கலிஃபோர்னியா பக்கம்தான் கை காட்டியது. உங்கள் வாழ்க்கையில் உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டபோதோ, இரண்டு தரப்புக்கும் நடுவே வித்தியாசமே தெரியவில்லை. இரண்டு ஊர்களை ஒப்பிட உட்கார்ந்தால் வெயிலும் கடலும்தான் கண்ணுக்குப் படுகின்றன. அங்கேயே வாழும்போது, ஒரு நாளில் நாம் வானத்தை அண்ணாந்து பார்ப்பது எத்தனை நிமிடம்?

அதனால், போய்ப் பார்ப்பதென்றால் மோசமான மாதத்தில் போங்கள். அடைமழை, கொதிக்கும் வெயில், எலும்பைத் துளைக்கும் குளிர், அந்த ஊரின் தலைவலி எதுவோ அந்த மாதத்தில். முடிந்தால் ஒரு வாரம் தங்குங்கள். பார்க்க வேண்டிய இடங்களை விட்டுவிட்டு, செய்ய வேண்டிய வேலைகளைச் செய்யுங்கள். செவ்வாய்க்கிழமை காலை அலுவலக நேரத்தில், தோளில் பையோடு, நெரிசலில் ஒரு முறை பயணம். சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுச் சாமான் வாங்குவது. ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தெருவில் நடந்து வருவது. ஒரு வாளி துணி துவைத்துக் காயப்போட்டு, காய எத்தனை நாளாகிறது என்று பார்ப்பது. வீட்டுக்குள் போனால் கூரை மூலைகளைப் பாருங்கள். சுவர் முழுக்கப் பழசாக இருந்து ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயிண்ட் மின்னினால், அதற்கு அடியில் ஈரம் ஒளிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கையை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும்.

விசாரிப்பதிலும் ஒரு வழி இருக்கிறது. "ஊர் எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "நல்ல ஊர்" என்றுதான் சொல்வார்கள். தன் ஊரை யார் விட்டுக்கொடுப்பார்கள்? "இந்த ஊரை விட்டுப் போயிடலாம்னு கடைசியா எப்ப நினைச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் வரும் பாருங்கள் நிஜமான தகவல்.

அடுத்த தவறு கொஞ்சம் உள்ளுக்குள் இருப்பது. எதிலிருந்து தப்பிக்கிறோம் என்று தெரியாமலே ஓடுவது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழைய சேதி. ஆனால் அக்கரைக்குப் போகும் படகில் என்னென்ன ஏறுகிறது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் இங்கேயே தங்கிவிடுபவை: கத்தும் மேலதிகாரி, மூச்சு முட்டும் சாலை, திரும்பின தெருவெல்லாம் நினைவுபடுத்தும் பழைய உறவு. மறுபக்கம் கூடவே லாரியில் ஏறி வருபவை: கடன், ராத்திரி இரண்டு மணி வரை போனை நோண்டுவது, சட்டென்று வரும் கோபம். இரண்டாவது பக்கம் நீளமாக இருந்தால், லாரிக்குச் சொல்வதை ஒரு மாதம் தள்ளிவைக்கலாம்.

இதைச் சொன்னதும், "ஆளு மாறணும், ஊரு மாறி என்ன பிரயோஜனம்" என்று உபதேசம் செய்பவர்கள் வந்துவிடுவார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. பழக்கங்கள் நாம் நினைப்பதைவிட அதிகமாக இடத்தைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. பிரிட்டனில் பாஸ் வெர்பிளாங்கெனும் டெபோரா ராயும் 800 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் வீடு மாறியவர்களிடம் புதுப் பழக்கங்களுக்கான யோசனைகள் எளிதாகப் பலித்தன. ஆனால் அந்தக் கதவு சுமார் மூன்று மாதம்தான் திறந்திருந்தது. நம்மில் பலர் அந்த மூன்று மாதத்தை அட்டைப்பெட்டி பிரிப்பதிலேயே கழித்துவிடுகிறோம். காலையில் நடக்க வேண்டும், சீக்கிரம் படுக்க வேண்டும் என்று எண்ணம் இருந்தால் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். திரைச்சீலை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.

பெரிய வீட்டுக்கு ஆசைப்பட்டு நீண்ட பயணத்தைத் தலையில் கட்டிக்கொள்வது இன்னொன்று. கூடுதலாக ஓர் அறை கிடைக்கிறது, வாடகையும் குறைவு, ஆனால் வேலைக்குப் போக நாற்பது நிமிடம் அதிகம். பேசும்போது நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். போகவர 80 நிமிடம், வருடத்துக்கு 240 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 320 மணி நேரம். இரவு பகலாக எண்ணினால் பதிமூன்று நாள். ப்ரூனோ ஃப்ரையும் அலோயிஸ் ஸ்டட்சரும் ஜெர்மனியின் தரவுகளை அலசியபோது, நீண்ட தூரம் போய்வருபவர்களின் திருப்தி குறைவாகவே இருந்தது. நல்ல சம்பளமோ மலிவான வாடகையோ அதை ஈடுகட்டவில்லை. கூடுதல் அறை மூன்றே மாதத்தில் பழகிவிடும், அதில் பழைய பெட்டிகள் குடியேறிவிடும். நெரிசல் அப்படி எளிதில் பழகுவதில்லை. ஒவ்வொரு நாளும் அது வேறு மாதிரி படுத்தும்.

பெரும்பாலோர் கணக்கிலேயே எடுக்காத விஷயம் ஒன்று உண்டு: மனிதர்கள். வாடகை, பள்ளிக்கூடம், இணையம் எல்லாம் விசாரிப்போம். ஞாயிறு சாயங்காலம் யாரோடு பேசப்போகிறோம் என்று யோசிக்க மாட்டோம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், ஊர் மாறி ஆறு மாதத்துக்குள் இருந்தவர்களையே பிடித்து இதைக் கேட்டார். 2018-இல் வெளியான அந்தக் கணக்குப்படி, அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும். நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் சந்தித்தால் நெருங்கிய நட்புக்கே ஏறக்குறைய இரண்டு வருடம். மேலே சொன்ன 320 மணி நேரத்தில் ஒரு முழு நட்பே அடங்கியிருக்கிறது பாருங்கள்.

ஆகவே, திட்டமிடாமலே அதே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிற இடமா என்று பாருங்கள். நடந்து போகும் தூரத்தில் ஒரு பூங்கா, நூலகம், விளையாட்டுத் திடல், ஏதாவது ஒன்று. மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டார்கள். யார் யாருக்கு நண்பரானார்கள் என்பதை நிர்ணயித்ததில் குணத்தைவிடக் கதவுகளுக்கு இடையிலான தூரத்துக்கே பெரும் பங்கு. மாடிப்படிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடி நண்பர்கள் கூடுதலாகக் கிடைத்தார்கள். ஊரின் கோடியில், மலையைப் பார்த்தபடி தனி வீடு என்பது படம் எடுக்க நன்றாக இருக்கும்.

வேலை விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த வேலை போனால் இதே ஊரில் இரண்டாவது வேலை கிடைக்குமா? ஒரே ஆலையை, ஒரே நிறுவனத்தை நம்பிய ஊரில் அதன் கதவு சாத்தினால் எல்லோரும் ஒரே நாளில் வேலை தேடுவார்கள், எல்லோரும் ஒரே நாளில் வீட்டை விற்கப் பார்ப்பார்கள். வீட்டில் இருப்பவர்களையும் கேட்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நிறைய வீடுகளில் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். வயதானவர் இருந்தால், நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

பழைய வீட்டை விற்று, போன கையோடு புது ஊரில் வீடு வாங்குவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. தரகு, பத்திரச் செலவு, சாமான் ஏற்றி இறக்கும் கூலி என்று இரண்டு பக்கமும் கரைந்த பணம் திரும்பி வராது. ஒரு வருடமாவது வாடகைக்கு இருந்து நாலு பருவத்தையும் பார்த்துவிடலாம். திரும்பி வருவதில் அவமானமும் இல்லை. இடப்பெயர்வுக்கான விதிகளை 1885-இலேயே எழுதிவைத்த ராவன்ஸ்டைன், எங்கே மக்கள் பெரும் அலையாகப் போகிறார்களோ அங்கிருந்து எதிர் அலையும் ஒன்று கிளம்பும் என்று குறித்திருக்கிறார்.

அவசரமாகத் தீர்ப்பு எழுதுவதும் தவறுதான். புது மண்ணில் கால் வைப்பவரின் மனநிலையைக் கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960-இல் கட்டம் கட்டமாகப் பிரித்தார். முதலில் தேனிலவு, எல்லாமே அழகு. அப்புறம் ஒரு சரிவு, எதைத் தொட்டாலும் எரிச்சல். அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லப் பிடிபடும். அவர் எழுதியது வேறு நாட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி. வேறு ஊருக்குப் போனாலும் இது ஓரளவு நடக்கத்தான் செய்கிறது. தேனிலவில் வீடு வாங்குகிறவர்களும் உண்டு, சரிவில் மூட்டை கட்டுகிறவர்களும் உண்டு.

நான் இரண்டாம் ரகம். நாலாவது மாதம், தூக்கம் கெட்டு, இந்த ஊரே வேண்டாம் என்று அட்டைப்பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மாத்திப் போறீங்களா?"

"பஸ் சத்தம் தாங்கலைங்க. ஊரை விட்டே போறேன்."

"அதுக்கு எதுக்கு ஊரை விட்டுப் போகணும்? மூணு தெரு தள்ளிப் போனா கேக்காதே."

மூன்றாவது தெருவில் ஒரு வீடு காலியாகத்தான் இருந்தது. அதைப் பார்க்க நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகாலை நாலேகாலுக்கு. முதல் நாளே சொல்லி வைத்திருந்தும், கதவைத் திறந்த வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். ஜன்னலோரம் நின்று நாலே முக்கால் வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு நாய் குரைத்தது, அவ்வளவுதான்.