குளிரில் பைக் ஓட்டும்போது கை விறைக்காமல் இருக்க

பைக் ஓட்டுபவரின் கையை விறைக்க வைப்பது பெரும்பாலும் காற்றுதான். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரி போல இருக்கும். கம்பளிக் கையுறை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் காற்று உள்ளே புகுந்துவிடும். அதனால் உள்ளே மெல்லிய கையுறை, வெளியே காற்று புகாத கையுறை என்று இரண்டடுக்காகப் போடுங்கள். வெளிக்கையுறை இறுக்கமாக இருக்கக் கூடாது. இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். மணிக்கட்டில் இடைவெளி இல்லாமல் ஜாக்கெட் கையோடு சேர்த்து மூடிக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத விஷயம், நெஞ்சும் கழுத்தும். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காக்க உடல் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். அப்போது எந்தக் கையுறையும் முழுதாக உதவாது.

தினமும் நீண்ட தூரம் போகிறவர்கள் ஹேண்டில்பாரிலேயே மாட்டி, கையை உள்ளே நுழைத்துப் பிடிக்கும் பெரிய உறைகளை வாங்கலாம். என் கணக்கில் செலவுக்கு ஏற்ற பலன் அதில்தான் அதிகம். சூடாகும் கிரிப்பும் நல்லதுதான், ஆனால் அது உள்ளங்கையைத்தான் சூடாக்கும். புறங்கையில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும்.

விரல் மரத்து பிரேக், கிளட்ச் பிடிப்பது தெரியாமல் போனால் உடனே வண்டியை ஓரம்கட்டுங்கள். கையை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். எஞ்சின் மேலோ சைலன்சர் மேலோ வைக்கவே வேண்டாம், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது.