கடைக்குக் கண்ணாடிக் கதவு: கண்ணாடி வந்து இறங்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கடைக் கதவுக்குப் போடும் டஃபன்ட் கண்ணாடியை (சூடேற்றி வலுவாக்கிய கண்ணாடி) ஆலையில் சூடேற்றிக் குளிர்வித்த பிறகு அதில் ஒரு துளைகூடப் போட முடியாது. முயன்றால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். பூட்டுக்கான வெட்டும் கைப்பிடித் துளைகளும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதனால் கடைவாசல் கதவில் பிற்பாடு தெரியவரும் கோளாறுகள் பலவும், கண்ணாடி வண்டியை விட்டு இறங்குவதற்குள் செய்து முடிக்கப்பட்டவைதான்.

தரைக்குக் கல் பதிக்கும் முன்பே, "முக்கால் இஞ்ச் கிரானைட்தானே" என்று கணக்குப் போட்டு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். கல்லுக்கு அடியில் போடும் கலவை எவ்வளவு ஏறும் என்பது பதிக்கும் நாளில்தான் தெரியும். கதவுக்கு அடியில் விடும் இடைவெளியோ 6 முதல் 8 மி.மீ. மட்டுமே. தரை முடிந்த பிறகே அளவு எடுங்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், உயரத்தை இரண்டு ஓரத்திலும் அளந்து, சிறிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) கழியுங்கள். சுவர் செங்குத்தாக நிற்கவில்லையா? பூச்சுவேலையில் சரிசெய்யலாம், கண்ணாடியில் முடியாது. மழைத்தண்ணீர் வெளியே ஓட வாசலில் வாட்டம் கொடுத்திருப்பார்கள். கதவு உள்பக்கம் திறக்கும்போது மேடேறும் தரையில் அதன் கீழ்மூலை இடிக்கும். கதவு சுற்றிவரும் பாதை முழுக்க ரசமட்டம் வைத்துப் பார்த்தால் இது முன்பே தெரிந்துவிடும்.

அடுத்தது ஃப்ளோர் ஸ்பிரிங், அதாவது தரைக்குள் பதித்து, கதவைத் தாங்கித் தானாக மூடவைக்கும் சாதனம். 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. 1 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம் என்றால் கண்ணாடி மட்டுமே 63 கிலோ. 60 கிலோவுக்கும் 950 மி.மீ. அகலத்துக்கும் உள்ள ஸ்பிரிங்கை இதற்குப் போட்டால் சில மாதங்களில் கதவு முழுசாக மூடாமல் நிற்கும். எடையைக் கேட்டு வாங்குபவர்கள்கூட அகலத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்பிரிங்கைக் குழியில் வைத்து நேரடியாகக் கலவை ஊற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான வேலை. அதனுடன் வரும் இரும்புப் பெட்டியைத்தான் கான்கிரீட்டில் பதிக்க வேண்டும். ஸ்பிரிங் அதற்குள் உட்கார வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் கசிந்து மாற்ற வேண்டிய நாளில் கிரானைட்டையே உடைக்க நேரும். மேல்பிவட்டின் (கதவின் மேல்மூலை சுழலும் அச்சு) மையத்திலிருந்து தூக்குக் குண்டு விட்டால் அதன் நுனி கீழ்ச்சுழலியின் (ஸ்பிரிங்கில் கதவு சுழலும் அச்சு) மையத்தைத் தொட வேண்டும். ஒரு நூல் விலகினாலும் கதவு சாயும், பக்கத்துக் கண்ணாடியில் உரசும். பெட்டி இறுகக் குறைந்தது ஒரு நாளாவது விடுங்கள். காலையில் பதித்து மாலையில் கதவை மாட்டினால் பெட்டியே சரியும். பெட்டியைச் சுற்றியுள்ள இடுக்கையும் அடைத்துவிடுங்கள், தினமும் வாசல் துடைக்கும் தண்ணீர் அதற்குள்தான் இறங்கும்.

மாடிக் கடையில் குழி தோண்டும்போது தளத்தின் கம்பி தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள். கம்பியை வெட்டாதீர்கள். அங்கே ஹைட்ராலிக் பேட்ச் ஃபிட்டிங் (கண்ணாடியின் மூலையைக் கவ்வும் உலோகப் பிடியிலேயே கதவை மூடும் அமைப்பு உள்ளது) போட்டால் குழியே வேண்டாம். மேல்பிவட்டை வெறும் ஏசிபி (அலுமினியக் கலப்புப் பலகை) தகட்டிலோ ஜிப்சம் சீலிங்கிலோ திருகாதீர்கள். பின்னால் லிண்டலோ இரும்புப் பைப்போ இருக்க வேண்டும்.

பேட்ச் ஃபிட்டிங்கில் உலோகம் கண்ணாடியைத் தொடவே கூடாது, நடுவில் கேஸ்கெட் (மெத்தை போன்ற பட்டை) இருந்தாக வேண்டும். பிடிக்கும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்காமல் விட்டால், எண்ணெய்ப் பிசுக்கில் கண்ணாடி மெல்ல நழுவி இறங்கும். நழுவுகிறதே என்று திருகை மேலும் முறுக்குவார்கள், அப்போதுதான் உடையும்.

ரோலிங் ஷட்டர் உள்ள கடையில் கைப்பிடி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கும் என்று முதலிலேயே பாருங்கள். கதவு ஷட்டரை ஒட்டி நின்றால், இரவில் இறக்கும் ஷட்டர் கைப்பிடியில் தட்டும். உள்பக்கம் மட்டும் திறக்கும்படி ஸ்டாப்பர் வைப்பதும் தவறு. நெருப்பு என்றால் கூட்டம் வெளியே தள்ளிக்கொண்டுதான் ஓடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன்படி வெளியேறும் வாசல் 1000 மி.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது.

மாட்டி முடித்தபின் கதவு மூடும் வேகத்தைச் சரிசெய்ய ஸ்பிரிங்கின் வால்வைக் கால்சுற்று மட்டும் திருப்பி, நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். ஒரேயடியாகக் கழற்றினால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும்.