மண் கார்பனுக்குப் பணம்: தொடக்கத்திலேயே சறுக்கும் இடங்கள்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் கார்பன் கிரெடிட் வேலைக்கு, அதாவது மண்ணில் கூடும் கார்பனை அளந்து உழவருக்குப் பணம் பெற்றுத் தரும் வேலைக்கு, புதிதாக வரும் களப்பணியாளர்கள், நாங்கள் முன்பு சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். வரப்போரம் மண் எடுக்கக் கூடாது, பையில் சர்வே எண் எழுத வேண்டும் என்பதெல்லாம் எல்லாரும் சொல்லித் தருவதுதான், அவற்றை விட்டுவிடுவோம்.

பரும அடர்த்தியை அளக்காமல் விடுவது

ஆய்வகம் தருவது மண்ணில் உள்ள கார்பனின் சதவீதம். உழவருக்குப் பணம் வருவது டன் கணக்கில். இரண்டையும் இணைப்பது ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை, அதாவது பரும அடர்த்தி. அதை அளக்காமல் எல்லா வயலுக்கும் 1.4 கிராம் என்று நிரப்பிவிட்டு வருகிறார்கள். இன்றும் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதன் இழப்பு உழவர் தலையில்தான் விழுகிறது.

ஒரு செம்மண் வயலை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அங்ககக் கார்பன் 0.45%, அடர்த்தி 1.4. 30 செ.மீ. ஆழத்துக்கு எக்டேருக்கு 4,200 டன் மண், அதில் 18.9 டன் கார்பன். ஐந்தாண்டு சணப்பை மடக்கி உழுது, மூடாக்குப் போட்ட பிறகு 0.50%. மண் பொலபொலப்பாகி அடர்த்தி 1.3 ஆகிவிட்டது.

பழைய 1.4-ஐயே வைத்தால் 2.1 டன் கார்பன் கூடியதாகக் காட்டும், கார்பனை கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 3.67-ஆல் பெருக்கினால் 7.7 டன் கார்பன் டை ஆக்சைடு. தணிக்கையாளர் அதை ஏற்கமாட்டார். புது அடர்த்தியை மட்டும் போட்டு அதே 30 செ.மீ.யில் நின்றால் 0.6 டன் கார்பன், அதாவது 2.2 டன் கார்பன் டை ஆக்சைடுதான் வரும். மண் உப்பியதால் 30 செ.மீ.க்குள் இப்போது 3,900 டன் மண்தான் இருக்கிறது. மீதி 300 டன் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த அடுக்கில் 0.35% இருந்தால் இன்னும் 1.05 டன் கார்பன். அதையும் சேர்த்து, முன்பும் பின்பும் சம எடை மண்ணை ஒப்பிட்டால் உண்மையான உயர்வு 1.65 டன் கார்பன், அதாவது ஏறத்தாழ 6 டன் கார்பன் டை ஆக்சைடு. ஒரே வயலுக்கு மூன்று விடைகள்! மண்ணைப் பொலபொலப்பாக்கிய உழவருக்கே இரண்டாவது கணக்கு தண்டனை கொடுக்கிறது. கார்பன் கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பின் வி.எம்.0042 என்ற கணக்கீட்டு முறை சம எடைக் கணக்கைக் கேட்பது இதனால்தான்.

ஆகவே 0–10, 10–20, 20–30 அடுக்குகளோடு 30–40 அடுக்கையும் எடுங்கள். 5 செ.மீ. விட்டம், 5 செ.மீ. உயரமுள்ள இரும்பு வளையத்தின் கொள்ளளவு 98 கன செ.மீ. மண் ஈரமாக, ஆனால் கையில் ஒட்டாத பதத்தில் இருக்கும்போது, மேலே மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டி இறக்குங்கள். ஓங்கி அடித்தால் மண் இறுகி அடர்த்தி பொய்யாக ஏறும். இரு முனையையும் கத்தியால் சீவி, 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போடுங்கள். சரளையை 2 மி.மீ. சல்லடையில் பிரித்துத் தனியே நிறுத்துக் கழிக்க வேண்டும். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும்; மறு அளவீட்டையும் அதே மாதத்தில், அதே ஈரத்தில் செய்யுங்கள்.

தொடக்க அடர்த்தியைப் பிறகு அளக்க வழியே இல்லை. முதல் உழவோடு அது போய்விடும்.

மண்வள அட்டையை அடிப்படை அளவாக வைப்பது

அட்டைக்கு மண் எடுப்பது பொதுவாக 15 செ.மீ. ஆழத்தில், அடர்த்தி அதில் கிடையாது. நம் ஆய்வகங்களில் வழக்கமான டைக்ரோமேட் முறை கார்பனில் முக்கால் பங்கைத்தான் பிடிக்கும். சிலர் 1.3-ஆல் பெருக்கித் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, மண்ணை எரித்து முழுக் கார்பனையும் அளக்கும் உலர் எரிப்புக் கருவிக்கு மாறினால், மண்ணில் ஒன்றும் கூடாமலே எண் மட்டும் கூடும்.

சுண்ணாம்பு மண்

அமிலத் துளிக்கு நுரைத்தால் ஆய்வகத்திடம் முன்பே சொல்லுங்கள். உலர் எரிப்பில் சுண்ணாம்புக் கார்பனும் சேர்ந்துவிடும்.

ஏற்கெனவே செய்துவருவதற்குப் பணம் கேட்பது

கிடைக்காது.

வெளி எருவைச் சேமிப்பாகக் காட்டுவது

பக்கத்து ஊர்ச் சாணம் இங்கே வந்தால் அங்கே மண் இளைக்கிறது. அதே வயலில் விளைந்து மடங்கும் தக்கைப்பூண்டு வேறு கதை.

ஆண்டுதோறும் இவ்வளவு ரூபாய் என்று வாக்குக் கொடுப்பது

நல்ல பராமரிப்பிலும் எக்டேருக்கு ஆண்டுக்கு 0.2 முதல் 0.5 டன் கார்பன் கூடுவதே பெரிது. ஏக்கருக்குப் பார்த்தால் முக்கால் டன் கார்பன் டை ஆக்சைடுகூட இல்லை. அதிலும், சேர்ந்த கார்பன் பின்னால் போய்விட்டால் ஈடுகட்ட ஒதுக்கும் இடர்க்காப்புக்கு ஒரு பங்கு, சரிபார்ப்புச் செலவு எல்லாம் கழியும். என்னென்ன கழியும் என்பதை ஒப்பந்தத்தில் தமிழில் எழுதி, கையெழுத்துக்கு முன் உழவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.